புதுப்பிப்பு: மெல்லிய லேப்டாப்போடு மூன்று வாரப் பயணம் முடிந்தது

ஃபேன் இல்லாத, 16 ஜிபி ரேம் லேப்டாப்பை மட்டும் நம்பிப் பயணம் போகலாமா, ரா ஃபைல்களை (கேமரா அப்படியே பதிவுசெய்யும் பெரிய மூலப் படங்களை) தாங்குமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போய்விட்டு வந்தாச்சு. தாங்கியது.

கைகொடுத்தது ஸ்மார்ட் ப்ரிவ்யூதான். லைட்ரூம் கிளாசிக் என்ற படத்திருத்த மென்பொருளில் படங்களை இம்போர்ட் செய்யும்போதே அதை டிக் செய்தால், நீளப் பக்கம் 2560 பிக்சல் கொண்ட சிறிய நகல் உருவாகிறது. மூல ஃபைல்கள் இருக்கும் எஸ்எஸ்டியை (வெளியே இணைக்கும் சேமிப்பு டிரைவ்) கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, ரயிலில் மடிமேல் வைத்தே எக்ஸ்போஷர், நிறம் எல்லாம் திருத்தினேன். ஃபோகஸ் பார்க்க மட்டும் அந்தச் சிறிய நகலை நம்பாதீர்கள். பெரிதாக்கிப் பார்த்து, கண் மங்கலாக இருக்கிறதே என்று அருமையான படம் ஒன்றை நீக்கப் பார்த்தேன். எஸ்எஸ்டியைச் செருகியதும் இமை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது!

லேப்டாப் திணறியது ஏஐ நாய்ஸ் நீக்கத்தில், அதாவது மங்கிய வெளிச்சப் படங்களில் வரும் புள்ளிப் புள்ளியான இரைச்சலை நீக்குவதில். நாலைந்து படம் என்றால் சரி. நாற்பதை ஒன்றாகக் கொடுத்ததும் அடிப்பக்கம் தொடையைச் சுட்டது. சூடு ஏற ஏற சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. அந்த வேலையை வீட்டுக்கு வந்தே செய்தேன்.

இன்னொன்று, ஜன்னல் வெயிலில் திரை மங்கித் தெரிவதால் கை தானாகப் படத்தை அதிகம் வெளிச்சமாக்கிவிடுகிறது. இரவில் பார்த்தால் வானம் வெளுத்துக் கிடந்தது. அதன்பிறகு பகலில் ஹிஸ்டோகிராமை (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) பார்த்துத்தான் திருத்தினேன்.

இரண்டு நகல் ஆகும்வரை கேமராவின் மெமரி கார்டை அழிக்காதே என்று போன மாதம் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி. பன்னிரண்டாம் நாள் எஸ்எஸ்டி கேபிள் பாதிக் காப்பியில் செத்துப்போனது. கார்டில் எல்லாப் படமும் பத்திரமாக இருந்தன.