மாட்ரிட்ல காளைச்சண்டை பாக்கலாமா?

ஊர்சுத்தி: மே மாசக் கடைசில ஸ்பெயின் போறோம், கூட அம்மாவும் 9 வயசு பையனும். காளைச்சண்டை பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. டிக்கெட் எங்க எடுக்கறது, குழந்தைய கூட்டிட்டு போலாமா? பார்சிலோனாவும் போறோம், அங்கயே பாத்துடலாமா?

கதிர்_மதுரை: பார்சிலோனால கிடையாதுங்க. 2011 செப்டம்பர்ல கடைசியா நடந்துச்சு, அதுக்கப்புறம் தடை வந்துச்சு, 2016ல கோர்ட் அந்தத் தடைய ரத்து பண்ணியும் திரும்ப ஆரம்பிக்கல. நீங்க போற நேரம் மாட்ரிட் லாஸ் வெண்டாஸ் காளைச்சண்டை அரங்கத்துல சான் இசித்ரோ திருவிழா, கிட்டத்தட்ட தினமும் சாயங்காலம் இருக்கும். டிக்கெட் எடுக்கறப்ப 'சோல்'னா வெயில் பக்கம், விலை கம்மி, 'சோம்ப்ரா' நிழல், அம்மாவுக்காக நிழலே எடுங்க.

மீனா: ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், இது நம்ம ஜல்லிக்கட்டு மாதிரி இல்ல. குதிரைல வர்றவர் ஈட்டியால குத்துவார், அப்புறம் முதுகுல குச்சி சொருகுவாங்க, கடைசில மட்டடோர், அதாவது காளையோட சண்டை போடற முக்கிய வீரர், சிவப்புத் துணிய வெச்சு ஆட்டி வாளால கொல்லுவார், ஒரு சாயங்காலத்துக்கு வழக்கமா ஆறு காளை. நான் ரெண்டாவதுலயே எழுந்து வந்துட்டேன், அந்த மாட்டோட கண்ணு இன்னும் மறக்கல. பையனை கூட்டிட்டு போகாதீங்க ப்ளீஸ்.

கதிர்_மதுரை: மீனா அக்கா சொல்றது சரிதான். சண்டை இல்லாத நேரத்துல லாஸ் வெண்டாஸ சுத்திப்பாக்க டூர் இருக்கு, மியூசியமும் உண்டு. தெற்கு ஸ்பெயின்ல இருக்கற ரோந்தா ஊருக்குப் போக முடிஞ்சா விடாதீங்க, அங்க 1785ல திறந்த காளைச்சண்டை அரங்கம் இருக்கு, நடு மணல்லயே போய் நிக்கலாம்.

ஊர்சுத்தி: ரொம்ப நன்றி, கொல்லுவாங்கன்னே தெரியாது எனக்கு. டூர் மட்டும் போறோம்.