அல்வாக் கடைப் பை துணியா, பிளாஸ்டிக்கா?

பொருநை ரசிகன்: நேற்று இங்கே ஒருவர், "சுழற்சிப் பொருளாதாரம், அதாவது பொருளைக் குப்பையாக்காமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது என்று அரசு சொல்வதெல்லாம் வெறும் பேச்சு" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பரில் துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம். பத்து ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரம். குப்பை குறைந்தால் தாமிரபரணி பிழைக்கும், மீனும் நீர்நாயும் பிழைக்கும். நெல்லை டவுனில் நான் வாங்கும் அல்வாக் கடையில்கூட இப்போது துணிப்பைதான். இதற்கு மேல் என்ன வேண்டும்?

அம்பை அண்ணாச்சி: அந்த 'ஒருவர்' நான்தான் வே. பெயர் சொல்லியே எழுதியிருக்கலாம். நீர் சொல்லும் பை துணியே இல்லை. நெய்யாத பை, பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். ஓரத்தில் கொஞ்சம் கத்தரித்துத் தீக்குச்சி காட்டும். பருத்தி என்றால் சாம்பலாகும், இது உருகிச் சொட்டும். நீர் பெருமையடிக்கும் 14 வகைப் பட்டியலிலேயே இந்தப் பையும் இருக்கிறது. தடை செய்த பொருளைக் காட்டித் தடை வென்றது என்கிறீர்!

பொருநை ரசிகன்: நான் கையால் தொட்டுப் பார்த்தேன். துணிதான்.

அம்பை அண்ணாச்சி: தொட்டால் தெரியாது. கொளுத்திப் பாரும்.

பாளைக்காரி: சுழற்சிப் பொருளாதாரத்தில் எதெல்லாம் அடங்கும் என்று முதலில் யாராவது சொல்லுங்களேன். பை மட்டும்தானா? பறவைகள் சரணாலயம் இருக்கும் நம் கூந்தன்குளத்தில் பறவை எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு உரமாக்குகிறார்கள். நாரையும் கூழைக்கடாவும் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடிகூடப் போடுவதில்லை. எந்த அரசும் சொல்லிச் செய்ததில்லை. அது கணக்கில் வருமா, வராதா?

அம்பை அண்ணாச்சி: வரட்டும், வராமல் போகட்டும். அந்தப் பை துணியா, பிளாஸ்டிக்கா?

சென்னைவாசி நெல்லையான்: பாவம், கடைக்காரரை ஏன் பிடித்துக்கொண்டு? உறையில் அடைத்து விற்கும் கம்பெனிதான் அந்த பிளாஸ்டிக்குக்குப் பொறுப்பு என்று 2022-இல் ஒன்றிய அரசு விதியே போட்டிருக்கிறது. நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். உடைந்த கண்ணாடி யானைக் காலில் குத்தாது. இது முன்னேற்றம் இல்லையா?

அம்பை அண்ணாச்சி: அந்தப் பாட்டில் திட்டம் உயர் நீதிமன்றம் காதைத் திருகிச் செய்ய வைத்தது தம்பி. அரசு தானாகச் செய்த ஒன்றைச் சொல்லும். சென்னையில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்கு யானைக் கதை சொல்ல வேண்டாம், முண்டந்துறைக் காடு எனக்குப் பக்கம்.

தென்காசிச் சாரல்: துணி என்றால் மட்டும் யோக்கியமா? பாபநாசத்தில் முங்கி எழுந்து ஆற்றோடு விடுகிற வேட்டி சேலையை என்ன சொல்வீர்கள்? நீர் சொல்லும் அதே முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் வாசலில் நடக்கிறது. ஆடி அமாவாசைக்கு வந்து பாருங்கள்.

அம்பை அண்ணாச்சி: 2019-இல் தனி மாவட்டம் வாங்கிப் போனவர்களுக்கு இன்னும் எங்கள் பாபநாசத்தின் மேல்தான் கண்.

தென்காசிச் சாரல்: மாவட்டம்தான் பிரிந்தது, ஆற்றையுமா பிரித்தோம்? எங்கள் சிற்றாறும் அதில்தான் வந்து சேர்கிறது.

பாளைக்காரி: நாம் கண்ட ஒரே சுழற்சி 2024 டிசம்பரில் நடந்தது. கேரளத்து ஆஸ்பத்திரிக் கழிவை நெல்லைக்குப் பக்கத்தில் நடுக்கல்லூர்ப் பக்கம் கொட்டினார்கள், லாரியில் கேரளத்துக்கே திரும்பிப் போனது. அதுவும் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்ட பிறகு.

பொருநை ரசிகன்: இன்று அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரரே துணி என்கிறார். போதுமா?

அம்பை அண்ணாச்சி: விற்கிறவர் வேறு என்ன சொல்வார்? தீக்குச்சி காட்டினீரா?

பொருநை ரசிகன்: கடை வாசலில் பையைக் கொளுத்தச் சொல்கிறீரா? போலீசைக் கூப்பிடுவார்கள்.

பாளைக்காரி: என் கேள்வி அப்படியே கிடக்கிறது.

அம்பை அண்ணாச்சி: ஒரு தீக்குச்சிக்குப் பயந்து ஓடுகிறீர். தாமிரபரணி மேல் உள்ள நம் சுலோசன முதலியார் பாலம் திறந்தது 1843 என்று நான் சொன்னபோதும் இப்படித்தான், ஒத்துக்கொள்ளாமல் ஓடினீர்.

பொருநை ரசிகன்: பாலத்தை இங்கே இழுக்காதீர். ஆண்டை யார் மறுத்தது? அதைக் கட்டப் பணம் யாருடையது என்பதில்தான் தகராறு. அன்று ஓடியது நீர்.