கெண்டைக்கால் துடிப்பு நிற்கவே மாட்டேன் என்கிறது. யாருக்காவது இப்படி இருந்ததா?

திருப்பூர்க்காரன்:
வயது 34. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஆர்டர் நெருக்கடியில் மூன்று வாரம் தொடர்ந்து நைட் பார்த்தேன். அப்போதுதான் இடது கெண்டைக்காலில், தோலுக்கு அடியில் புழு நெளிகிற மாதிரி துடிக்க ஆரம்பித்தது. இப்போது தொடை, தோள், கண்ணிமை என்று இடம் மாறி மாறித் துடிக்கிறது. படுத்தால் அதிகம். நடக்கும்போது தெரிவதில்லை.

ராத்திரி 2 மணிக்கு போனில் தேடப்போய் ஏ.எல்.எஸ். பற்றிப் படித்துவிட்டேன். தசையை இயக்கும் நரம்புகள் அழிந்து, கை கால் மெலிந்து பலமிழந்துபோகும் நோய். விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 21 வயதிலேயே கண்டுபிடித்தார்களாம். அதோடு தூக்கம் போனது. கம்பெனி இஞ்ச் டேப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து தினமும் இரண்டு காலையும் அளக்கிறேன். இடது கால் அரை இஞ்ச் குறைவு. 20 லிட்டர் தண்ணீர் கேனை ஒற்றைக் கையில் தூக்கிப் பார்க்கிறேன். பாப்பாவுக்கு 4 வயதுதான் ஆகிறது. அவள் தூங்கும்போது முகத்தைப் பார்த்தாலே அழுகை வருகிறது. பக்கத்துத் தெரு டாக்டர் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்.

சேலம் வாத்தியார்:
முதலில் அந்த டேப்பைக் கம்பெனியிலேயே வைத்துவிடுங்கள். இரண்டு காலும் ஒரே அளவில் யாருக்கும் இருக்காது. 2019இல் ஐந்து மாதம் நானும் இதே பயத்தில் கிடந்தேன். நியூராலஜிஸ்ட், அதாவது நரம்பு டாக்டர், முட்டியில் சுத்தியலால் தட்டினார், குதிகாலில் நடக்கவிட்டார், கையையும் காலையும் அவர் பிடியை எதிர்த்துத் தள்ளச் சொன்னார். அப்புறம் ஈ.எம்.ஜி. என்று தசையின் மின் துடிப்பைப் பார்க்கும் சோதனை. மெல்லிய ஊசியைத் தசையில் குத்தி, காலை இறுக்கச் சொல்வார்கள். ஸ்பீக்கரில் கரகரவென்று சத்தம் கேட்கும். வலி தாங்கக்கூடியதுதான். எல்லாம் சரியாக இருந்தது, தீங்கில்லாத துடிப்பு என்றார். அமெரிக்காவில் மாயோ கிளினிக் என்ற ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட 121 பேரை 2 முதல் 32 வருடம் வரை கவனித்து 1993இல் எழுதியிருக்கிறார்கள். ஒருவருக்கும் அந்த நோய் வரவில்லை. அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கே இல்லை.

நர்ஸ் அக்கா:
தம்பி, கேன் தூக்குவதை இன்றோடு விடுங்கள். களைத்த தசைதான் இன்னும் துடிக்கும். நைட்டில் எத்தனை டீ குடிக்கிறீர்கள்? டீ, தூக்கமின்மை, பயம் மூன்றுமே துடிப்பைக் கூட்டும். தைராய்டு, கால்சியம், மெக்னீசியம் ரத்தப் பரிசோதனை ஒரு தடவை பாருங்கள். செருப்பு காலில் நிற்காமல் நழுவுவது, சட்டைப் பட்டன் போட விரல் வராதது, பேச்சு குழறுவது, இவைதான் நாங்கள் பயப்படுகிற அறிகுறிகள். அவற்றில் ஒன்று வந்தாலும் உடனே போக வேண்டும். சோதித்துப் பார்க்கும் நேரம் போக, வழக்கமான வேலையில் எதாவது முடியாமல் போயிருக்கிறதா?

திருப்பூர்க்காரன்:
இல்லை அக்கா. போன ஞாயிறு சென்னிமலைப் படிக்கட்டில் பாப்பாவைத் தோளில் வைத்துக்கொண்டே ஏறினேன். நீங்கள் கேட்ட பிறகுதான் அது நினைவுக்கே வருகிறது. நைட்டில் டீ எட்டு, ஒன்பது ஆகிவிடும். குறைக்கிறேன். டேப்பைக் காலையில் திருப்பி வைத்துவிட்டேன். இதை எழுதும்போதும் கால் துடிக்கிறது. வெள்ளிக்கிழமை கோவையில் நியூராலஜிஸ்டைப் பார்க்க டோக்கன் வாங்கியிருக்கிறேன். பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.