ஸ்பைரோனோலாக்டோன் எடுத்தவங்க யாராவது இருக்கீங்களா?

அக்கா, தங்கைகளுக்கு வணக்கம். எனக்கு பிசிஓஎஸ் (சினைப்பை சம்பந்தப்பட்ட ஹார்மோன் கோளாறு). தாடையிலயும் கழுத்திலயும் முடி கெட்டியா வளருது. த்ரெட்டிங் பண்ணிப் பண்ணித் தோல் கறுத்துப் போச்சு. ஸ்கின் டாக்டர், கருத்தடை மாத்திரையோட ஸ்பைரோனோலாக்டோன் 50 மி.கி. எழுதிக் கொடுத்திருக்காங்க. மெடிக்கல்ல, "இது பிரஷர் மாத்திரையாச்சே, வீட்ல யாருக்கு?"ன்னு கேட்டார். அவர் சொல்றதும் சரிதான். நீர் பிரியவும் பிரஷருக்கும் தர்ற மருந்து. ஆண் ஹார்மோன் முடி வேர்ல வேலை செய்யாம தடுக்கிறதால இதுக்கும் தர்றாங்க.

பலன் தெரிய 6 மாசமாவது ஆகுமாம். இருக்கிற முடி உடனே உதிராது, புதுசா வர்றது மெலிசாகும். பொட்டாசியம் ஏறலாம்னு ரத்த டெஸ்ட்டும் எழுதியிருக்காங்க. சாப்பிடுற வரைக்கும் கர்ப்பம் கூடவே கூடாது, வயித்துல ஆண் குழந்தைன்னா வளர்ச்சியைப் பாதிக்கலாம். இங்கதான் என் சிக்கல்: அடுத்த வருஷம் குழந்தைக்கு முயற்சி பண்ணலாம்னு இருக்கோம். மாமியாருக்கு இதைப் புரியவைக்கிறது தனிக் கதை.

எடுத்தவங்களுக்குத் தலைசுத்தல், பீரியட்ஸ் தள்ளிப்போறது இருந்துச்சா? நிறுத்தினப்புறம் முடி பழையபடி வந்துடுச்சா? குழந்தைக்காக நிறுத்தினவங்க எவ்வளவு நாள் இடைவெளி விட்டீங்க? முகத்துல முடி வளர்ற வேகத்தைக் குறைக்கிற எஃப்ளோர்னித்தின் க்ரீம் பூசினவங்க, மருந்தே வேணாம்னு லேசர் போனவங்களும் சொல்லுங்க. மாநிறத் தோல்ல லேசர் சுட்டுடும்னு வேற பயமா இருக்கு.

கடலை மாவு, கஸ்தூரி மஞ்சள் யோசனை மட்டும் வேணாம்ப்பா, பத்தாவது படிக்கும்போதே பூசியாச்சு. டோஸ் விஷயம் டாக்டர்கிட்டயே கேட்டுக்கிறேன். இங்க எழுதக் கூச்சமா இருந்தா இன்பாக்ஸ் வாங்க.