ஜப்பானிய மொழிப் பாடத்தில் ஆய்வு செய்யப் பழகியது: திருகோணமலைக்காரர் இருவரின் அனுபவம்

உப்புவெளி, முன்னாள் மாணவி:

களனிப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழி படித்தபோது இலக்கணமோ காஞ்சி எனப்படும் சித்திர எழுத்துகளோ என்னை அவ்வளவு வதைக்கவில்லை. கடைசி வருட ஆய்வுக் கட்டுரைதான் வதைத்தது. "ஜப்பானும் திருகோணமலையும்" என்று தலைப்புக் கொண்டுபோனேன். "இது நூலகத்தில் ஒரு அலுமாரியின் பெயர். கேள்வி எங்கே?" என்றார் சென்செய், அதாவது எங்கள் ஆசிரியர்.

கேள்வி ஊரிலேயே கிடந்தது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. சீனக்குடா எண்ணெய்க் குதம் ஒன்றின் மேல் ஒரு விமானி வேண்டுமென்றே போய் மோதினார் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். சிலர் காமிகாசே, அதாவது தற்கொலைத் தாக்குதல், என்றே முடித்துவிடுவார்கள். காமிகாசே பிரிவுகள் வந்ததோ 1944 அக்டோபரில், பிலிப்பைன்ஸில். அப்படியானால் "வேண்டுமென்றே" என்பதை எதை வைத்துச் சொல்கிறோம்?

ஜப்பானின் ஆசிய வரலாற்று ஆவண நிலையம் பழைய கடற்படை ஆவணங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. விமானந்தாங்கிக் கப்பல்களின் விமானப் பிரிவு அறிக்கைகளும் அதில் உண்டு. எல்லாம் கையெழுத்து, பழைய காஞ்சி. ஒரு பக்கத்துக்கு ஒரு பின்னேரம் போய்விடும். ஆண்டு ஷோவா 17 என்றிருக்கும். 1925ஐக் கூட்டினால் 1942. நேரம்தான் பெரிய பொறி. ஜப்பானியக் கடற்படை எங்கே போனாலும் டோக்கியோ நேரத்தில்தான் எழுதும். அதை மாற்றாமல் ஆங்கிலேயர் பதிவோடு ஒப்பிட்டால் சுமார் மூன்று மணி நேரம் இடிக்கும், இரண்டு தாக்குதல் நடந்தது போலக்கூடத் தோன்றும்.

அப்புறம் சென்செய் சொல்லித்தந்த ஒன்று: ஒவ்வொரு ஆவணத்துக்கும் பக்கத்தில், இதை எழுதியவருக்கு என்ன தெரிந்திருக்க முடியும் என்று எழுத வேண்டும். அந்த அறிக்கைகள் திரும்பி வந்த விமானிகள் சொன்னதை வைத்து எழுதியவை. கரையில் நின்றவர் விமானம் விழுந்ததைப் பார்த்திருக்கலாம்; உள்ளே இருந்தவர் அப்போது உயிரோடு இருந்தாரா என்று அவருக்கு எப்படித் தெரியும்? விமானியின் எண்ணத்தை இரண்டு பக்கமும் நிரூபிக்காது என்றுதான் கட்டுரையில் எழுதினேன். வீட்டில் அம்மப்பாவுக்கு அது பிடிக்கவே இல்லை!

மூதூர், மூன்றாம் வருட மாணவன்:

அக்கா சொன்ன அலுமாரிக் கதை எங்கள் வகுப்பிலும் நடந்தது. என்னுடையது சுனாமி. 2004 இல் எங்கள் ஊர் பட்டது தெரியும்தானே. ஜப்பானில் மியாக்கோ பக்கம் அனேயோஷி என்ற ஊரில், 1933 சுனாமிக்குப் பிறகு "இதற்குக் கீழே வீடு கட்டாதே" என்று கல் நட்டிருக்கிறார்கள். 2011 இல் தண்ணீர் அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றது. அதைப் பற்றி எழுதத்தான் ஆசை.

ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகத்தின் ஹினகிகு தளத்தில் 2011 பேரிடர் பற்றிய பதிவுகளை ஒரே இடத்தில் தேடலாம். ஆய்வுக் கட்டுரைக்கு சைனீ (CiNii) என்ற தேடல் தளம். ஆனால் சைனீயில் பலவற்றுக்குத் தலைப்பும் விவரமும் மட்டும்தான். முழுக்கட்டுரை ஜே-ஸ்டேஜ் (J-STAGE) என்ற ஆய்விதழ்த் தளத்தில் இருந்தால் அதிர்ஷ்டம். நான் நல்லதாக ஒரு கட்டுரையைப் பிடித்து, அதன் கடைசியில் உள்ள மேற்கோள் பட்டியலைப் பிடித்துக்கொண்டே பின்னால் போகிறேன். தேடுபெட்டியில் சொல்லை மாற்றி மாற்றி அடிப்பதைவிட இதில் நிறையக் கிடைக்கிறது.

இப்போது சென்செய் கேட்டிருப்பது: கல் இருந்ததால் ஊர் தப்பியதா, ஏற்கெனவே மேட்டில் வீடுகள் இருந்ததால் தப்பியதா? அதற்கு 1933க்குப் பிந்திய குடியேற்ற வரைபடம் வேண்டும். அக்கா, பழைய ஜப்பானிய வரைபடம் தேடிய அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.