மூட்டு வலி உள்ள அப்பா ஏறிப் பார்க்க, சென்னைக்குள் ஒரு சின்ன மலை சொல்லுங்கள்

கேட்டவர்: மேடவாக்கம் மகள்

வணக்கம். அப்பாவுக்கு 67 வயது. திருச்சியில் இருந்தவரை வாரம் ஒருமுறையாவது மலைக்கோட்டை ஏறிவிடுவார். உச்சிப்பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, வெளியே நின்று காவிரியையும் ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தால்தான் அவருக்கு அந்த வாரம் முடிந்த மாதிரி. அம்மா போனபிறகு எங்களோடு வந்துவிட்டார். வீடு நான்காவது மாடி. பால்கனியில் நின்றால் எதிர் பிளாக்கில் துணி காய்வதுதான் தெரியும். "இந்த ஊர்ல மேல ஏறி நின்னு பார்க்க ஒண்ணுமே இல்லையாம்மா?" என்று போன வாரம் கேட்டார். அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

வலது முழங்காலில் தேய்மானம். மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் படி ஏறலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஏழு வயது மகனும் வருவான். அரை நாளில் போய்த் திரும்ப வேண்டும். மேலே நின்றால் ஊர் தெரிய வேண்டும், அதுதான் முக்கியம். எங்கே போகலாம்?

பதில்: செங்கல்பட்டுத் தம்பி

திருக்கழுக்குன்றம் போங்க அக்கா. 565 படி. மேலே வேதகிரீஸ்வரர். அங்கிருந்து பார்த்தால் சங்கு தீர்த்தக் குளமும் தாழக்கோயிலின் நான்கு கோபுரங்களும் சுற்றிலும் வயலும் ஏரியுமாக அவ்வளவு அழகு. இறங்கும் வழியில் ஒருகல் மண்டபத்தையும் பார்த்துவிட்டு வரலாம். விடியற்காலையில் ஏறிவிடுங்கள், வெயில் வந்தால் கல் சுடும்.

பதில்: ஆலந்தூர் அத்தை

தம்பி சொன்ன மலை நல்ல மலைதான். ஆனால் தேய்மானம் உள்ள காலுக்கு முதல் மலையாக 565 படி வேண்டாம்மா. பரங்கிமலைக்கு அழைத்துப் போ. எனக்கு 61 வயது, கல்யாணமாகி வந்ததிலிருந்து ஆலந்தூரில்தான் இருக்கிறேன். எனக்கும் இடது முழங்கால் தேய்மானம். இன்றைக்கும் மாதம் இரண்டு முறை ஏறுகிறேன்.

மலை ஏறக்குறைய 300 அடி உயரம். படிகள் இருநூறுக்குள்தான், அகலமான கல் படிகள். வழியில் சிலுவைப்பாதையின், அதாவது இயேசு சிலுவை சுமந்து போனதைக் காட்டும் பதினான்கு நிலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு போனால் சிரமமே தெரியாது. நாங்கள் அப்படித்தான் ஏறுவோம்.

இப்போது சொல்வதை மட்டும் மறக்காதே. அப்பாவைப் படியில் ஏற்று, படியில் இறக்காதே. எல்லாரும் ஏறுவதற்குத்தான் பயப்படுகிறார்கள். முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். நாலு வருடம் முன்னால் நான் ஜம்மென்று ஏறிவிட்டு, அதே வேகத்தில் இறங்கினேன். பாதிப் படியில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். யாரோ இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் கைத்தாங்கலாகக் கீழே கொண்டுவந்து விட்டார்கள். பத்து நாள் படுக்கை. மலைக்கு மறுபக்கமாக உச்சிவரை தார் ரோடு வருகிறது. திரும்பும்போது வண்டியை மேலே வரச்சொல்லி அதில் இறங்கிவிடுங்கள். எங்காவது இரண்டு மூன்று படி இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால், வலிக்கிற காலை முதலில் வைக்கச் சொல். ஏறும்போது நல்ல கால் முதலில். பிசியோதெரபியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது.

மாலை நாலரைக்கு ஏற ஆரம்பியுங்கள். மேலே போனதும் முதலில் தென்மேற்குப் பக்கம் நில்லுங்கள். மீனம்பாக்கம் ஓடுபாதை முழுக்கத் தெரியும், பின்னால் திரிசூலம் குன்றுகள். விமானம் இறங்குவதையும் ஏறுவதையும் விட்டு உன் பையன் நகர மாட்டான். கிழக்கே கிண்டிக் காட்டின் பச்சை, அதைத் தாண்டிக் கடல் ஒரு கோடாக. வடமேற்கில் மணப்பாக்கம் பக்கம் அடையாறு. 2015 டிசம்பரில் அந்த ஆறுதான் விமான நிலையத்துக்குள் புகுந்தது. மழை விட்டதும் ஏறிப் பார்த்தேன், விமானங்கள் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன. ஓடுபாதை ஒன்று ஆற்றுக்கு மேலேயே பாலமாகப் போகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மேடவாக்கம் என்று சொன்னதால் இன்னொன்று. மேலே லாம்ப்டன் என்ற வெள்ளைக்காரருக்கு மார்பளவுச் சிலை இருக்கிறது. 1802 ஏப்ரலில் அவர் இந்த மலைக்குப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் குன்றுவரை ஒரு நேர்கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலி போட்டு அளந்தார். சுமார் 12 கிலோமீட்டருக்கு 57 நாள் ஆனது. அந்த ஒரு கோட்டை வைத்துக்கொண்டு முக்கோணம் முக்கோணமாக நாட்டையே அளந்துகொண்டு போனார்கள். ஐம்பது வருடம் கழித்து எவரெஸ்டின் உயரம் தெரியவந்தது அந்த அளவையால்தான். பெரும்பாக்கம் உங்கள் வீட்டுக்குப் பக்கம். மேலே நின்று தெற்கே பார்த்தால் அந்தக் கோடு போன திசையில்தான் உங்கள் வீடும் இருக்கிறது. அப்பாவிடம் இதைச் சொல்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிக்கிழமைகளிலும் டிசம்பர் 18 திருவிழா சமயத்திலும் கூட்டம் இருக்கும், அப்போது வேண்டாம். மேலே இருக்கும் மாதா கோயிலுக்குள் யார் வேண்டுமானாலும் போகலாம், பூசை நடக்கும்போது மட்டும் பேசாமல் இருக்க வேண்டும்.

பதில்: குரோம்பேட்டைவாசி

பரங்கிமலைக்குக் காரே மேலேவரை போகும் என்றால், மூட்டு வலிக்காரரை எதற்குப் படியில் ஏற்ற வேண்டும்? இரண்டு பக்கமும் காரிலேயே போய்வரலாமே. திருநீர்மலையும் பக்கம்தான், பல்லாவரத்திலிருந்து பஸ் உண்டு. பெருமாள் அங்கே நின்று, இருந்து, கிடந்து, நடந்து என்று நான்கு கோலத்திலும் சேவை சாதிக்கிறார். நீர்வண்ணப் பெருமாள் மட்டும் அடிவாரத்தில், மற்ற மூவரும் மலைமேல். திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளமாம், வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்தார் என்பது தலவரலாறு. காலையில் போனால் சேவையும் ஆகும், ஊரையும் பார்க்கலாம்.

பதில்: ஆலந்தூர் அத்தை

சார், முடியவே முடியாத நாளில் காரில் போகட்டும். ஆனால் அந்தப் பெரியவர் "ஏறி நின்று" பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். டாக்டரும் ஏறலாம் என்கிறார். காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டால் அது இன்னொரு பால்கனிதான். தன் காலால் ஏறி, வியர்வையோடு காற்று வாங்குகிற சுகத்தை அவருக்குக் கொடுங்கள். என் மாமியார் 74 வயதுவரை ஏறினார், நான் கூடவே ஒரு மடக்கு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போவேன்.

பதில்: புவியியல் வாத்தியார்

பையனிடம் காலுக்குக் கீழே இருக்கும் பாறையையும் காட்டுங்கள். நீலம் கலந்த சாம்பல் நிறம், உடைந்த இடத்தில் எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும். பெயர் சார்னோகைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் வைத்த கல் இந்தப் பல்லாவரம் பக்கத்திலிருந்து போனது. தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அதனால்தான் அப்படிப் பெயர் வைத்தார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை பரங்கிமலையின் இந்தப் பாறையைத் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. என் மாணவர்களை வருடாவருடம் அழைத்துப்போகிறேன், தொட்டுப் பார்த்தபிறகு யாரும் மறப்பதில்லை.

படிகளைக் கட்டிக்கொடுத்தவர் பெட்ரூஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் இருந்த பழைய மர்மலாங் பாலமும் அவர் செலவில் வந்ததுதான்.

பதில்: மேடவாக்கம் மகள்

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை போய்வந்தோம். அத்தை சொன்ன மாதிரியே மடக்கு ஸ்டூல் எடுத்துப் போனேன், அப்பா அதில் நான்கு முறை உட்கார்ந்தார். ஒவ்வொரு முறையும் "மலைக்கோட்டையில பாதிகூட இல்ல, வா" என்று அவரேதான் எழுந்தார். மேலே ஏற முக்கால் மணி நேரம் ஆனது. பையன் பதினொரு விமானம் எண்ணினான்.

அப்பா லாம்ப்டன் கதையை முழுக்கக் கேட்டார். அப்புறம் தெற்குப் பக்கச் சுவரில் கையை ஊன்றி நின்று, "நம்ம வீடு எதுன்னு காட்டு" என்றார். எல்லாம் கட்டடமாகத்தான் தெரிந்தது, எனக்கு அடையாளம் காட்டத் தெரியவில்லை. ஒரு தண்ணீர்த் தொட்டியைக் காட்டி, அது நம்முடையதுதான் என்று அவரே முடிவு செய்துகொண்டார். இருட்டும்வரை அங்கேயே நின்றார். "நம்ம வீடு" என்று அவர் சொன்னது இதுதான் முதல் தடவை.

இறங்க ஆட்டோ. இரவு முழங்காலில் கொஞ்சம் வலி இருந்தது, ஒத்தடம் கொடுத்தேன், காலையில் சரியாகிவிட்டது. அடுத்த மாதம் திருநீர்மலை என்று சொல்லிவிட்டார். குரோம்பேட்டை சார், அங்கே படி எப்படி, கைப்பிடி இருக்கிறதா? வண்டி மேலே வருமா?