யூஏஏபி ஃபைனல்ஸ்: இன்னும் மண்டைக்குள் ஓடும் ஒரே ஒரு பொசெஷன் (அனுபவப் பகிர்வு)

யூஏஏபி என்பது பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழக விளையாட்டு லீக், இங்கே பேச்சு அதன் ஆண்கள் கூடைப்பந்து. யூபி, லா சால், அடெனியோ, யூஈ, யூஎஸ்டி, எஃப்ஈயூ எல்லாம் அதில் ஆடும் பல்கலைக்கழக அணிகள். ஃபைனல்ஸில் மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயித்தால் கோப்பை. கேள்வி இதுதான்: எந்த ஒரு பொசெஷன், அதாவது பந்து கையில் இருந்த எந்த ஒரு தருணம், உங்களுக்கு மறக்கவில்லை?

கடைசிக்கால்வாசி:
சீசன் 87, இரண்டாவது ஆட்டம், 2024 டிசம்பர் 11. முதல் ஆட்டத்தை யூபி 73-65 என்று எடுத்தாகிவிட்டது. இதையும் எடுத்தால் கோப்பை. முடிவு 76-75, லா சால். எல்லோரும் லா சாலின் கியாம்பாவ் கடைசியில் போட்ட த்ரீக்களைத்தான் (மூன்று புள்ளி ஷாட்) திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். உறுத்துவது அதுவல்ல. யூபியின் ஃப்ரான்சிஸ் லோபஸ் ஃப்ரீ த்ரோ கோட்டில் நிற்கிறார். கடைசிக் கட்டத்தில் நாலு ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும், யாரும் தடுக்காத ஒரு புள்ளி எறிதல்), நாலும் வெளியே. அதில் ஒன்று விழுந்திருந்தாலே கணக்கு வேறு.

நூற்றுக்கு எழுபது போடுகிறவர் நாலையும் தவறவிட வாய்ப்பு நூற்றில் ஒன்றுகூட இல்லை (0.3 நாலு தடவை பெருக்கினால் 0.0081). ஐம்பது சதவீதக்காரருக்குப் பதினாறில் ஒன்று. அப்படிப்பட்ட ஆளைத் தேடிப்பிடித்து ஃபவுல் செய்வதும் ஒரு வேலைதான். அதை லா சால் பக்கம் யாரும் பாராட்டக் காணோம்.

அரைநொடி:
சீசன் 84, மூன்றாவது ஆட்டம், 2022 மே 13, ஓவர்டைம், 69-69. அடெனியோவுக்கு எதிராக யூபியின் காகுலாங்கன் பின்வாங்கி எடுத்த த்ரீ. 72-69. 1986க்குப் பிறகு யூபிக்கு முதல் கோப்பை என்பதெல்லாம் தெரிந்த கதை.

விடாமல் நிற்பது கடிகாரம்: மீதி 0.5. ஆட்டம் முடியவில்லை! விதிப்படி 0.3 இருந்தாலே பந்தைப் பிடித்து எறியலாம், 0.2, 0.1 என்றால்தான் தட்டிவிடவோ நேரே கூடைக்குள் அமுக்கவோ மட்டும் அனுமதி. அதாவது அடெனியோவுக்குச் சட்டப்படி ஒரு ஷாட் பாக்கி இருந்தது. இந்த மாதிரி நேரத்தில் ஜெயிக்கிற அணிகள் செய்யும் தப்பு ஒன்றுதான்: பெஞ்சில் இருப்பவர்கள் உள்ளே ஓடி வந்துவிடுவார்கள். டெக்னிக்கல் ஃபவுல் (ஒழுங்கு மீறலுக்கானது) விழுந்தால் எதிரணிக்குச் சும்மா ஒரு ஃப்ரீ த்ரோ. மூன்று புள்ளி முன்னிலையில் அது ஆளைக் கொல்லாது. ஒரு புள்ளி முன்னிலையில் அதே காரியத்தைச் செய்து பாருங்கள்.

பதினாலுக்குப்பூஜ்யம்:
@கடைசிக்கால்வாசி அண்ணே, கணக்கு சரி, இடம் தப்பு. எழுபது சதவீதம் என்பது சீசன் முழுக்க எடுத்த சராசரி. 38 நிமிடம் ஓடின காலுக்கு அது பொருந்தாது.

எனக்கு மறக்காதது 2007, யூஈ. எலிமினேஷன் சுற்றில் 14-0, அதாவது ஆடிய பதினாலும் வெற்றி. விதிப்படி நேராக ஃபைனல்ஸ். மற்ற மூன்று அணிகளும் படிப்படியாக ஆடி ஒருவரை ஒருவர் கழித்துக்கொண்டிருக்க, இவர்கள் காத்திருந்தார்கள். வந்து சேர்ந்த லா சால், அதுவும் முந்தின வருஷம் தடையில் இருந்த அணி, 2-0 என்று முடித்துவிட்டது. 1993ல் இதே 14-0 எடுத்த யூஎஸ்டிக்கு ஃபைனல்ஸே வைக்காமல் கோப்பையைக் கொடுத்தார்கள். அதே சாதனை, ஒருவருக்குப் பரிசு, ஒருவருக்குக் காத்திருந்து பிடித்த துரு.

ஸ்க்ரீன்_ரோல்:
துரு என்பதை ஒப்புக்கொள்ள முடியாது நண்பரே. 2019ல் அடெனியோவும் 14-0, அவர்களும் காத்திருந்தார்கள். எதிரே வந்த யூஎஸ்டி நாலாவது இடத்திலிருந்து எஃப்ஈயூவை ஒரு தடவை, இரட்டைச் சலுகை (இரண்டு தடவை தோற்கடித்தால்தான் வெளியேறும்) வைத்திருந்த யூபியை இரண்டு தடவை சாய்த்துவிட்டுச் சூட்டோடு வந்த அணி. யூஎஸ்டியின் சபி யோ அந்த சீசன் எம்விபி (சிறந்த ஆட்டக்காரர்). முடிவு? அடெனியோ 2-0, சீசன் மொத்தம் 16-0, அடெனியோவின் ராவெனாவுக்குத் தொடர்ந்து மூன்றாவது ஃபைனல்ஸ் எம்விபி. ஓய்வு தோற்கடிக்கிறது என்றால் இது எப்படி? பெஞ்ச் ஆழம் உள்ள அணிக்கு ஓய்வு லாபம், ஐந்தாறு பேரை வைத்தே ஓட்டும் அணிக்குத்தான் தாளம் கெடும்.

எல்போஉள்ளே:
லோபஸ் விஷயத்துக்கே வருகிறேன். அந்த நாலில் மனசில் நிற்பது பந்து வளையத்தில் பட்ட சத்தம், அவ்வளவுதான். ஆனால் இதைப் படிக்கும் கோச் யாராவது இருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

ஃப்ரீ த்ரோவைப் பயிற்சி ஆரம்பத்தில், உடம்பு குளிர்ந்திருக்கும்போது ஐம்பது ஐம்பதாகப் போட வைப்பது வீண். ஆட்டத்தில் யாரும் ஐம்பது போடுவதில்லை, இரண்டுதான். முழுக் கோர்ட் நாலு தடவை போய்வந்து, உடனே கோட்டில் நின்று இரண்டு. மறுபடி ஓட்டம், மறுபடி இரண்டு. பத்துச் சுற்று. மொத்த எண்ணிக்கையை எழுதாதீர்கள். "இரண்டும்", "ஒன்று", "பூஜ்யம்" என்று மூன்று கட்டம் போட்டு ஒவ்வொரு சுற்றையும் அதில் குறியுங்கள். அப்போதுதான் யாரைக் கடைசி நிமிடத்தில் பந்துக்குப் பக்கத்தில் விடக்கூடாது என்று தெரியும்.

தவறும் விதத்தையும் பாருங்கள். பந்து முன் விளிம்பில் பட்டால் கால் ஓய்ந்துவிட்டது: முழங்காலை இன்னும் கொஞ்சம் மடக்கச் சொன்னாலே பாதி சரியாகும். இடம் வலம் போனால் முழங்கையோ துணைக் கையின் கட்டைவிரலோ வேலை செய்கிறது. பின் விளிம்பில் பட்டால் படபடப்பு. மூச்சை விட்ட பிறகு எறியப் பழக்குங்கள். பந்து கைக்கு வந்ததும் ஐந்து நொடி இருக்கிறது. பலர் இரண்டு நொடியில் எறிந்து தொலைக்கிறார்கள்.

முக்கியமாக, கூட்டச் சத்தம். ஸ்பீக்கரில் போட்டுப் பழகுவது பெரிய உதவி இல்லை. சக ஆட்டக்காரர்கள் லேனில் (எறிபவருக்கு முன்னால் இருபுறமும்) நின்று பேச்சுக் கொடுத்தால்தான் கொஞ்சமாவது ஒட்டும்.

ஸ்க்ரீன்_ரோல்:
பாடம் நன்றாக இருக்கிறது, ஆனால் யாரும் கேட்கவில்லை சார் 🙂 நாலு நாள் கழித்து மூன்றாவது ஆட்டத்தில் கடைசிக் கட்டத்தில் யூபிக்குக் கைகொடுத்த த்ரீயைப் போட்டதும் அதே லோபஸ்தான். 66-62, கோப்பை யூபிக்கு.

டைம்அவுட்தாத்தா:
சீசன் 86. முதல் ஆட்டம் யூபி 97-67. முப்பது புள்ளி! இரண்டாவது லா சால் 82-60. மூன்றாவது லா சால் 73-69. மொத்தப் புள்ளியைக் கூட்டினால் யூபி 226, லா சால் 222. கோப்பை 222க்குப் போயிற்று. மூன்றில் இரண்டு என்ற அமைப்பின் குசும்பு இது. முப்பதில் தோற்றாலும் ஒன்றில் தோற்றாலும் ஒரே தோல்வி. அதனால்தான் இருபதில் பின்தங்கியதும் முதல் ஐவரை உட்காரவைக்காத கோச்சைப் பார்த்தால் எரிச்சல் வரும். அடுத்த ஆட்டம் மூன்று நாலு நாளில்.

தம்பிமார்களுக்கு இன்னொன்று. சமநிலை, மீதி 20 நொடி, எதிரணி இப்போதுதான் கூடை போட்டது. டைம் அவுட் எடுத்துப் பந்தை முன் கோர்ட்டுக்கு (எதிரணிக் கூடை இருக்கும் பாதி) நகர்த்தினால் ஷாட் கிளாக், அதாவது ஷாட் எடுக்க உள்ள நேரம், 14 நொடிதான். கடைசி ஷாட்டுக்காகப் பிடித்து வைக்க முடியாது, எதிரணிக்கு ஆறு நொடி மிச்சம் விடுவீர்கள். பின் கோர்ட்டிலிருந்தே எடுத்தால் ஷாட் கிளாக் தொல்லையே இல்லை. ஒரு புள்ளி பின்தங்கி, நாலு நொடி இருந்தால் நகர்த்துங்கள். இன்னும் ஒன்று: இரண்டாம் பாதிக்கு மூன்று டைம் அவுட், ஆனால் கடைசி இரண்டு நிமிடத்தில் இரண்டுதான் செல்லும். மூன்றையும் சேமித்து வைத்தவருக்கு ஒன்று அம்போ.

அரைநொடி:
தாத்தா, ஃபவுல் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துரத்தும் அணிக்கு அந்தக் கால்பகுதியில் டீம் ஃபவுல் இரண்டுதான் என்றால், மூன்றாவதும் நாலாவதும் ஃப்ரீ த்ரோ இல்லாமல் சும்மா போகும், ஐந்தாவதில்தான் எதிராளி கோட்டுக்குப் போவான். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நொடி கரையும். ஆகவே அந்த இரண்டையும் இரண்டு நிமிடம் இருக்கும்போதே, பந்து பக்கவாட்டில் அவர்கள் கையில் இருக்கும்போது கழித்துவிட வேண்டும். கடைசி இரண்டு நிமிடத்தில் பந்தை உள்ளே எறிவதற்கு முன்பே ஆளைப் பிடித்து ஃபவுல் செய்தால் ஒரு ஃப்ரீ த்ரோவும் அவர்களுக்கு, பந்தும் அவர்களுக்கே.

கடைசிக்கால்வாசி:
எல்லாம் சரி. ஆனால் அந்த நாலில் முதலாவது எந்த விளிம்பில் பட்டது என்று யாராவது கவனித்தீர்களா? முன் விளிம்பா, பின்னா?